ஏழாம் எண் இன்குபேட்டருக்கு இரவு வேண்டும்

மருத்துவமனை வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.

பொருள்: பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவிலும் அணையாத விளக்குகள் – இரண்டாம் புகார்

ஐயா,

என் மகள் 29ஆம் வாரத்தில், 1,180 கிராம் எடையில் பிறந்து, உங்கள் பிரிவில் 47 நாள் இருந்தாள். அவளைக் காப்பாற்றித் தந்த மருத்துவர்களையும் தாதியரையும் நான் மறக்கமாட்டேன். என் புகார் உங்கள் கூரை விளக்குகளைப் பற்றியது.

அந்த 47 நாளில் ஓர் இரவுகூட அவை மங்கி நான் பார்க்கவில்லை. பத்தியத்தில் இருப்பவள் வெளியே போகலாமா என்று மாமியார் தடுத்தும், பட்டர்வொர்த்திலிருந்து பாலம் கடந்து பால் கொண்டுவருவேன். இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் என்ற உறக்க ஹார்மோன் அதிகம். அது குழந்தைக்கு உறக்கத்தின் செய்தி. அதனால் புட்டியில் ‘இரவு’ என்று எழுதி ஒட்டுவேன். அந்த இரவுப் பாலை என் மகள் நண்பகல் போன்ற விளக்கு வெளிச்சத்தில்தான் குடித்தாள்.

அவள் படுத்திருந்த ஏழாம் எண் இன்குபேட்டருக்கு, குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் அந்தப் பெட்டிக்கு, கைலித் துணியில் உறை தைத்து வந்தேன். குழந்தையின் நிறம் தெரிய வேண்டும் என்று எடுத்துவிட்டார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் அதற்கு ஒவ்வொரு படுக்கைக்கும் தனி விளக்கல்லவா இருக்க வேண்டும்? ஒரு குழந்தைக்கு ஊசி போட எல்லாக் குழந்தைகளும் விழிக்க வேண்டியிருக்கிறது. பிரிவு முழுவதற்கும் ஒரே சுவிட்சு.

வயிற்றில் இருந்தவரை என் உடலே அவளுக்குப் பகலையும் இரவையும் சொல்லிக்கொண்டிருந்தது. பிறக்க வேண்டிய நாளுக்கு 11 வாரம் முன்பே அது நின்றுபோனது. அவளுடைய இமைகளோ மெல்லியவை, வெளிச்சத்தை முழுவதும் தடுக்காதவை.

என் முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதிலில், வெளிச்சத்தைக் குறைத்தாலும் குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் குறையவில்லை என்ற 1998ஆம் ஆண்டு ஆய்வைக் காட்டினீர்கள். அந்த ஆய்வு சரியே. நான் கேட்டது விழித்திரையைப் பற்றி அல்ல, உறக்கத்தைப் பற்றி. 1986இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வைப் பாருங்கள்: இரவில் ஒளியும் ஓசையும் குறைக்கப்பட்ட அறையில் இருந்த குறைமாதக் குழந்தைகள், வீடு திரும்பிய பின் கூடுதல் நேரம் உறங்கினார்கள், எடையும் கூடுதலாக ஏறினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் இரவில் விளக்கை மங்கவைக்க அதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

படுக்கை வெளிச்சத்தை 10 முதல் 600 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை மாற்றும் வசதி வேண்டும் என்கின்றன அமெரிக்க வடிவமைப்புத் தரநிலைகள். அந்த வசதியைச் செய்யுங்கள். அதுவரை, சிகிச்சை நடக்காத இரவு நேரத்தில், கருவிகளின் கண்காணிப்பில் இருக்கும் குழந்தைகளுக்கு உறை போட அனுமதியுங்கள். எந்தத் தேதியில் தொடங்குவீர்கள் என்று 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். பணத்தைத் திருப்பித் தர நான் கேட்கவில்லை.

மகள் இப்போது வீட்டில் இருக்கிறாள். விடியும்வரை விழித்திருக்கிறாள். விளக்குதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நாங்கள் கிளம்பிய அன்று மாலையே ஏழாம் எண் இன்குபேட்டரில் வேறொரு குழந்தையைப் படுக்க வைத்தார்கள். அந்தக் குழந்தைக்காகவும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
முன்பு அங்கே இருந்த குழந்தையின் தாய்,
பட்டர்வொர்த்.