வந்தவர்கள் கதைக்குத் திருப்பூரில் ஒரு மியூசியம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் இருக்கும் குடியேற்ற அருங்காட்சியகம் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சாப்பாடு, நடனம், பல நாட்டு உடுப்பு என்று அதிலேயே நின்றுவிட்டார் கட்டுரையாளர். மகள் அந்த ஊரில் இருப்பதால் நானும் போய்ப் பார்த்திருக்கிறேன். பழைய சுங்க அலுவலகக் கட்டிடத்தில் 1998-ல் திறந்தது. நான் போனபோது குடியேற்ற அதிகாரியின் இடத்தில் நம்மை உட்கார வைத்து, திரையில் ஒருவர் பதில் சொல்லச் சொல்ல, இவரை நாட்டுக்குள் விடலாமா வேண்டாமா என்று நம்மையே முடிவெடுக்கச் சொன்னார்கள், கை கூசியது. 1901-ல் ஒரு சட்டம் போட்டு, வேண்டாத ஆள் வந்தால் அவருக்குத் தெரியாத ஐரோப்பிய மொழியாகப் பார்த்து 50 சொற்களை அதிகாரி வாசிக்க, அதைக் கேட்டு எழுதச் சொல்லி, எழுத வராவிட்டால் திருப்பி அனுப்பிய நாடு அது. அந்தக் கூத்து 1958 வரை நடந்தது. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பனியன் கம்பெனி வேலைக்கு முதலில் மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து வந்தார்கள், இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வருகிறார்கள். வடக்கனுக வந்துதான் ஊரே கெட்டுப்போச்சு என்று டீக்கடையில் பேசுகிறவர்கள், இதே நொய்யல் கரையில் கொடுமணலில் கிடைத்த இரண்டாயிரம் வருஷத்துப் பானை ஓடுகளில் தமிழ்ப் பெயர்களோடு பிராகிருதப் பெயர்களும் இருப்பதை ஒரு தரம் பார்க்கட்டும். அன்றைக்கே வடக்கத்திப் பெயர் இந்தக் கரையில் புழங்கியிருக்கிறது.

திருப்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு மியூசியம் வேண்டும். பொங்கலும் ஹோலியும் சேர்த்துக் கொண்டாடும் போட்டோக்களை மாட்டிவைத்தால் மட்டும் போதாது. நாலைந்து பேர் ஷிப்ட் மாற்றி மாற்றித் தூங்கும் லைன் வீட்டு அறை ஒன்றை அப்படியே வைக்க வேண்டும், 'வடக்கத்தியர்களுக்கு வீடு இல்லை' என்கிற அட்டையும் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். 2020 ஊரடங்கில் ஊர் திரும்ப ரயிலுக்குக் காத்துக் கிடந்ததும், 2023 மார்ச்சில் பீகார்க்காரர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கே வந்து விசாரித்துவிட்டுப் போனதும் அதில் வர வேண்டும். அப்புறம் முக்கியமாக, இதையெல்லாம் முதலாளிகள் சங்கமோ நாமோ சொல்லக் கூடாது, செக்கிங் டேபிளில் நிற்கிற பெண்ணே அவள் பாஷையில் சொல்லி, கீழே தமிழில் போடலாம். கட்டிடம் வருகிறபோது வரட்டும், அதுவரை உங்கள் பத்திரிகையில் வாரம் ஒரு பக்கம் ஒதுக்கி இவர்கள் பேச்சைப் பதிவு செய்யுங்களேன்.

– ஒரு வாசகி, திருப்பூர்