மஞ்சளாகக் கிடக்கும் ஒரு பக்கம்

மன்னார்குடி,
ஆனி மாதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நடவு நடக்கிறது. முழங்கால் வலி பரவாயில்லை.

ஊர் வரலாறு பேசும் குழுவில் நீ கேட்ட முதல் கேள்விக்கே, "இதெல்லாம் பேசியாச்சு, தேடிப் பாருங்க" என்று வெட்டிவிட்டார்களா? எனக்கும் ஓரிடத்தில் அப்படித்தான். வணக்கம் சொல்ல ஆளில்லை, பத்து விதியை மட்டும் ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்றோடு சரி.

ஆனால் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் தங்கிவிட்டேன். பழைய நூல்களைப் படமாக ஏற்றியிருக்கிறார்கள். கணினி அதை எழுத்தாக்கும்போது துணைக்காலையும் 'ர'வையும் குழப்பிக்கொள்கிறது. 'பாட்டி', 'பரட்டி' ஆகிவிடுகிறாள்! 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால், யானைத் தும்பிக்கை மாதிரிக் கொம்பு வைத்த பழைய 'லை', 'னை' எல்லாம் அதற்குத் தடுமாற்றம். நாம் மூன்றாம் வகுப்பில் படித்த எழுத்துதானே அது!

ஒரு பக்கம் திருத்தினால் போதும். திருத்தாத பக்கத்துக்கு இருந்த சிவப்பு அடையாளம் மஞ்சளாகும். பச்சையாக்க வேறொருவர் பார்க்க வேண்டும். திருத்தியவரே ஆக்க முடியாது. என் தப்பைப் பிடிக்க ஆள் உண்டு என்பதால் பயமில்லாமல் கை வைத்தேன். முதல் பக்கத்திலேயே நூலாசிரியரின் 'கறுப்பு'களை எல்லாம் 'கருப்பு' ஆக்கிவிட்டேன். மறுநாள் ஒருவர் எழுதியிருந்தார்: "அச்சில் உள்ளபடியே விடுங்கள் ஐயா. அடுத்த பக்கம் எப்போது?" அந்தக் கடைசிக் கேள்வி இல்லாவிட்டால் நான் மறுபடி அந்தப் பக்கம் போயிருக்க மாட்டேன்.

வார்ப்புரு, பெயர்வெளி என்று அவர்கள் பேசும் பாஷை எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முதல் நாளே அவர்கள் அந்தப் பேச்சை எடுத்திருந்தால் ஓடியிருப்பேன்.

இன்று காலை வயலில் ஒரு புதுப்பெண் நடவுக்கு வந்திருந்தாள். பழகிய இருவருக்கு நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அவள் விட்ட இடைவெளியில், பக்கத்திலிருந்த அம்மா பேச்சை நிறுத்தாமலே இரண்டு நாற்றைச் செருகிவிட்டு நகர்ந்தார். அந்தப் பெண் கவனித்தாளா என்றுகூடத் தெரியவில்லை. உன் குழுக்காரர்களை வரப்பில் கொண்டுவந்து உட்கார வைக்கத் தோன்றியது.

அப்புறம், நான் திருத்திய பக்கம் ஒன்று மாதக் கணக்கில் மஞ்சளாகவே கிடக்கிறது. நீ ஒரு கணக்குத் தொடங்கிக்கொள், இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தப்பு இருந்தால் போன் போட்டுத் திட்டு.

உன் பழைய பெஞ்சுக்காரன்