பாண்டி பஜாரில் பூட்டிக் கிடக்கும் ஒரு கதவைப் பற்றி

சென்னை பாண்டி பஜாரின் தியாகராயர் சாலை நடைபாதை வளாகத்தைப் பராமரிக்கும் பொறுப்பிலுள்ள மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை எழுபத்திரண்டு வயதான என் தாயாரைப் புடவை எடுப்பதற்காகப் பாண்டி பஜாருக்கு அழைத்து வந்தேன். அன்று நடந்ததைத் தங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சாலையில் உள்ள பொதுக் கழிப்பறைகள், கடைசிக் கடை அடைக்கும் நேரம் வரை, தண்ணீரோடும் தாழ்ப்பாளோடும் பெண்களுக்குத் திறந்திருக்க வேண்டும்.

அம்மா இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அதில் ஒன்று நீர் பிரிவதற்கானது. வெளியே கிளம்பும் நாளில் அந்த மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுவார். காலையிலிருந்து தண்ணீரும் குடிக்க மாட்டார். அன்று நான் வற்புறுத்தி மாத்திரையைப் போடவைத்தேன், இப்போது இந்தச் சாலை முன்பு போல் இல்லை, எல்லா வசதியும் வந்துவிட்டது என்று நம்பிக்கையாகச் சொல்லி. புடவை எடுத்து முடித்து, ஓர் உணவகத்தில் டிபன் சாப்பிட்டு, நான் காபி கேட்டபோது அவர் தமக்கு வேண்டாம் என்றார். அதற்குள்ளேயே அவருக்கு அவசரமாகியிருந்தது. உணவகத்தின் கழிப்பறை வாசலில் நீண்ட வரிசை. வெளியே வந்து பொதுக் கழிப்பறையைத் தேடிப் போனால் அதில் பூட்டுத் தொங்கியது. சாவி வைத்திருப்பவர் நான்கு மணிக்கே போய்விட்டார் என்று பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்த பெண் சொன்னார். அடுத்ததில் கதவு திறந்திருந்தது, ஆனால் குழாயில் தண்ணீர் இல்லை, உள்ளே தாழ்ப்பாளும் இல்லை. ஒரு துணிக்கடையில் நான்காவது மாடிக்குப் போகச் சொன்னார்கள். லிஃப்ட் வாசலில் இருந்த கூட்டத்தில் அம்மாவால் நிற்க முடியவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் புறப்பட்டோம். பனகல் பூங்கா அருகே வண்டி நகரவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது அம்மா என் முகத்தைப் பார்க்காமல் இறங்கி உள்ளே போனார். புடவைப் பை இரண்டு நாள் பிரிக்கப்படாமல் கிடந்தது. மூன்றாம் நாள், "இனிமே துணி எடுக்க நீயே போயிட்டு வாம்மா" என்றார்.

அந்த ஒரு வரியைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பழைய நினைவொன்று விளங்கிற்று. 1980-களில் பள்ளி திறக்கும் முன் என்னை இதே சாலைக்கு அழைத்து வருவார். நடைபாதைக் கடைகளில் வளையலும் ரிப்பனும் வாங்கிய பிறகு எனக்கு மட்டும் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, தாம் ஒரு வாய்கூடக் குடிக்காமல் நிற்பார். சிக்கனம் என்றே இத்தனை ஆண்டும் நினைத்திருந்தேன்.

இந்தச் சாலைக்கு யாரும் செலவு செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டபோது, அகன்ற நடைமேடையையும் உட்காரும் திண்டுகளையும் கண்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருத்தி. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 570 மீட்டர், செலவு 28 கோடி ரூபாய்க்கு மேல். 2021-இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். அதே ஆண்டில், நாள் முழுவதும் நின்றுகொண்டே வேலை பார்க்கும் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று இந்த மாநிலம் சட்டத் திருத்தமும் கொண்டுவந்தது. இவ்வளவும் செய்யத் தெரிந்த நிர்வாகத்திற்கு ஒரு கதவைத் திறந்து வைப்பது எப்படி இயலாமல் போகிறது என்பதே என் கேள்வி. பேருந்திலும் பாலத்திலும் பெண்களை இந்தச் சாலை வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கிறோம். வந்த பிறகு அவர்களுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறோம். திட்டத்தின் வரைபடத்தில் கழிப்பறை ஒரு கட்டமாக இருந்தால் போதும் என்று எண்ணப்படுகிறது. அதைக் கழுவ ஆள், அவருக்கு ஒழுங்கான சம்பளம், மாலை நேரத்திற்கு மாற்று ஆள், மோட்டார் பழுதானால் யாரை அழைப்பது என்பதெல்லாம் யாருடைய கணக்கிலும் வருவதில்லை. கடைக்கு வருகிறவர்களாவது சில மணி நேரத்தில் வீடு திரும்பிவிடுகிறோம். காலையிலிருந்து இரவு வரை அங்கேயே அமர்ந்திருக்கும் அந்தப் பூக்காரப் பெண் என்ன செய்கிறார் என்று கேட்டேன். "தண்ணி குடிக்கிறதில்லைக்கா" என்றார். இது எனக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்கியது; அந்தக் கோபம் இந்த மடலில் எங்காவது கடுமையாக ஒலித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நான் புதிய கட்டடம் கேட்கவில்லை. இருப்பவை இரவு கடை அடைக்கும் வரை திறந்திருக்கட்டும். தண்ணீர் வரட்டும், தாழ்ப்பாள் பொருத்தப்படட்டும். எந்த இடத்தில் கழிப்பறை இருக்கிறது என்று தமிழில் பெரிய எழுத்தில் அம்புக்குறியோடு பலகை வையுங்கள். பொறுப்பாளரின் தொலைபேசி எண்ணையும் கதவிலேயே எழுதுங்கள். பண்டிகை வாரங்களில் கூடுதலாக நடமாடும் கழிப்பறை வண்டிகளை நிறுத்த முடிந்தால் நன்றியுடையவளாவேன்.

பொங்கலுக்குத் துணி எடுக்க அம்மாவை மறுபடியும் அழைத்து வர விரும்புகிறேன். இன்னும் அவர் சம்மதிக்கவில்லை. அதற்குள் அந்தப் பூட்டைத் திறந்துவிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். திறந்த செய்தி கிடைத்தால், முதலில் நானே நேரில் வந்து பார்த்துவிட்டு அவரிடம் போய்ச் சொல்வேன்.

இப்படிக்கு,
நாற்பது ஆண்டுகளாகப் பாண்டி பஜாருக்கு வந்துபோகும் ஒரு மாம்பலத்துப் பெண்