இரண்டாம் நாள் நுரையை நம்பாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடை ஈஸ்ட் இல்லாமல் வீட்டிலேயே ரொட்டி சுடுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். மாவையும் தண்ணீரையும் சம எடையில் கலந்து வைத்து, நாளுக்கு ஒரு முறை புது மாவிட்டு, பொங்கியதும் ரொட்டிக்குப் பயன்படுத்தலாம் என்று முடித்திருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பி இரண்டு கிலோ மாவைத் தொலைத்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

நாற்பது ஆண்டுகளாக இட்லிக்கு மாவு அரைக்கிறேன். இரவு கரைத்து வைத்தது விடிந்ததும் பொங்கியிருந்தால் நல்ல மாவு. என் கைக்குத் தெரிந்த கணக்கு அதுதான். ஆகவே ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்த கலவை இரண்டாம் நாளே, அடையாளத்துக்குப் போட்ட ரப்பர் வளையத்தைத் தாண்டி ஏறியபோது பூரித்துப் போய், அன்றே ரொட்டிக்குப் பிசைந்துவிட்டேன். வந்தது அம்மிக்குழவி. கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம் என்றார் என் கணவர்.

அடுத்த முறை பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் எல்லாம் அடங்கி, ஊறவைத்து மறந்துபோன துணி வாளியின் வாடை அடித்தது. கெட்டுவிட்டதென்று கொட்டினேன். மூன்றாம் முறையும் அதே கதை.

பள்ளியில் உயிரியல் நடத்தும் என் தங்கைதான் விளக்கினாள். முதலில் பொங்கச் செய்வது பெரும்பாலும் ஈஸ்ட் அல்ல, லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். வேடிக்கை என்னவென்றால், நம் இட்லி மாவைப் பொங்க வைப்பதும் முக்கியமாக அதே லியூகோனாஸ்டாக்தான். 1965-லேயே ஆய்வாளர்கள் இதை எழுதியிருக்கிறார்களாம். இட்லிக்கு அப்படி ஓர் இரவு பொங்கினாலே போதும். ரொட்டியைத் தூக்கி நிறுத்த அது போதாது. கலவையில் புளிப்பு ஏற ஏற அந்தப் பாக்டீரியா ஓய்ந்துவிடும்; புளிப்பைத் தாங்கும் ஈஸ்ட் அதற்குப் பிறகுதான் தலையெடுக்கும். நடுவே சில நாள்கள் கலவை செத்ததுபோல் கிடக்கும். நான் இரண்டு முறையும் கொட்டியது சரியாக அந்த நாள்களில்!

நான்காம் முறை மைதாவை விட்டுவிட்டு, மில்லில் தவிட்டோடு அரைத்த கோதுமை மாவை எடுத்தேன். வேண்டிய நுண்ணுயிர்கள் தவிட்டில் கூடுதலாக ஒட்டியிருக்கும். குளோரின் வாடை போகட்டும் என்று குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றினேன். நாள்தோறும் பாதியை எடுத்துவிட்டுப் புது மாவும் தண்ணீரும் சேர்த்தேன். எட்டாம் நாள் மூடியைத் திறந்தால் நீராகார வாடை. அதன்பின் ஒவ்வொரு முறை மாவிட்டபோதும் தவறாமல் இரு மடங்கானது. பாலுக்கு உறைமோர் போல, இதற்கு உறைமாவு என்று பெயர் வைத்திருக்கிறேன்.

தங்கள் குறிப்பில் நாளுக்கு ஒரு முறை மாவிடச் சொல்லியிருந்தீர்கள். அது குளிர்நாட்டுக் கணக்கு. பாளையங்கோட்டையில் சித்திரை மாதம் என் சமையலறை 33 டிகிரி. பழைய மாவும் புது மாவும் சமமாகக் கலந்தால் நாலைந்து மணி நேரத்தில் பொங்கித் தளர்ந்துவிடுகிறது. 10 கிராம் உறைமாவுக்கு 50 கிராம் மாவு, 50 கிராம் தண்ணீர் என்று காலையும் இரவும் இடுகிறேன். ரொட்டி சுடாத வாரங்களில் குளிர்பதனப் பெட்டியில் வைத்து வாரம் ஒருமுறை இட்டால் போதும். எடுத்துவிடும் மாவு தோசைக்குப் போகிறது. வீட்டில் இதைப் பற்றி வேறு கருத்தும் உண்டு.

அந்த மூன்றாம் நாள் வாடையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறேனே தவிர, எல்லாவற்றையும் அல்ல. இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சு நிறமாகவோ கோடு தெரிந்தாலும், பஞ்சுபோல் பூசணம் பூத்தாலும் யோசிக்காமல் அப்படியே கொட்டிவிட வேண்டும்.

இந்தக் குறிப்பை மறுபடி அச்சிடுவதாக இருந்தால், பொங்கியதும் என்ற சொல்லை எடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து, மாவிட்ட ஒவ்வொரு முறையும் பொங்கினால் என்று திருத்துங்கள். சமையலறை வெப்பநிலை பற்றியும் ஒரு வரி சேர்த்தால் நல்லது.

ஒரு வாசகி,
பாளையங்கோட்டை