காமல் இடப்பக்கம் திரும்பிய நாள்: அத்தானுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தான்,

நாம் இருவரும் ஆடிய போர்விமான மேசைவிளையாட்டின் பெட்டியை என் மருமகனிடம் கொடுத்து, விளையாட்டையும் அவனுக்குக் கற்றுக்கொடுப்பது என்று தீர்மானித்துவிட்டேன். உங்கள் மகனைப் பற்றிய முடிவை உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று அக்கா சொல்வார். கேட்டிருந்தால் நீங்கள் மறுத்திருக்க மாட்டீர்கள், சம்மதித்திருக்கவும் மாட்டீர்கள்; பேச்சை வேறு எங்காவது திருப்பியிருப்பீர்கள். ஆகவே கேட்கவில்லை. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கோருகிறேன், ஆனால் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

இதைப் பொதுவில் எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது என்பதும் தெரியும். ஈழப்போரில் பங்கருக்குள் ஒளித்து உயிர் தப்பிய குடும்பத்தில் பிறந்தவர்கள் கனடாவில், ஸ்காபரோவில் நிலவறையில் இருந்துகொண்டு போர்விமானம் ஓட்டி விளையாடலாமா என்ற கேள்வி எல்லோரும் கூடியிருந்த ஒரு வீட்டில் கேட்கப்பட்டது. கேட்டவர் யாரென்று எழுதமாட்டேன்; அவரும் இழந்தவர். ஆனால் நீங்கள் தேநீரைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தீர்கள். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நான் தனியாக நின்றேன், அத்தான்.

வாசிக்கும் மற்றவர்களுக்காக மட்டும் கொஞ்சம் விளக்குகிறேன். ‘விங்ஸ் ஆஃப் வார்’ 2004இல் இத்தாலியில் வெளிவந்த விளையாட்டு. 2012 முதல் ‘விங்ஸ் ஆஃப் குளோரி’ என்ற பெயரில் வருகிறது. முதலாம் உலகப்போரின் விமானங்கள், அசலில் 144இல் ஒரு பங்கு அளவில், இரண்டு அடுக்கு இறக்கைகளோடு உள்ளங்கைக்குள் அடங்கும். பகடை இல்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் இயல்புக்கேற்ற அட்டைக்கட்டு உண்டு. அடுத்த மூன்று நகர்வுகளை இருவரும் மறைவாகத் தேர்ந்து கவிழ்த்து வைத்து, பிறகு ஒரே நேரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்து, அம்புக்குறியின் வழியே விமானத்தை நகர்த்தி, அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். கோலின் நீளத்துக்குள் எதிரி அகப்பட்டால் அவருக்கு ஒரு சேத அட்டை, பாதி நீளத்துக்குள் என்றால் இரண்டு.

பிரித்தானிய விமானமான சொப்வித் காமல் எப்போதும் உங்களுடையது. எஞ்சினே சுழலும் அந்த விமானம் வலப்பக்கம் வெட்டித் திரும்பும், இடப்பக்கம் தயங்கித் திரும்பும். பழகாத இளைஞர்கள் பலரைப் பயிற்சியிலேயே அது கொன்றது. அந்தக் குணத்தை அட்டைக்கட்டிலும் அப்படியே வைத்திருந்தார்கள். எனக்கு ஜெர்மானிய அல்பட்ரோஸ். அழகான விமானம், ஆனால் செங்குத்தாகப் பாய்ந்தால் அதன் ஒடுங்கிய கீழிறக்கை முறியக்கூடும் என்று ஓட்டியவர்களே அஞ்சினார்கள்.

2008 செப்டம்பர், தொழிலாளர் தின வார இறுதி. நீங்கள் வலப்பக்கம்தான் திரும்புவீர்கள் என்று கணக்கிட்டு, அந்த வளைவின் உட்புறத்தில் உங்கள் வாலைப் பிடிப்பதற்காக என் மூன்று அட்டைகளையும் வைத்திருந்தேன். நான் அப்படிக் கணக்கிடுவேன் என்பதை நீங்களும் கணக்கிட்டிருந்தீர்கள். மூன்றாவது அட்டையில் காமல் இடப்பக்கம் திரும்பியது. அந்தச் சோம்பலான இடப்பக்கத் திருப்பத்தை நீங்கள் விரும்பித் தேர்ந்ததை நான் அதுவரை கண்டதே இல்லை. இரண்டு விமானங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அப்படி நிற்கும்போது ஒருவரையொருவர் சுட முடியாது என்பது விதி. நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். என்ன பகிடி என்று அக்கா படியில் நின்று கேட்டார்.

அப்போதுதான் ஏரிக்கு மேலே நடந்துகொண்டிருந்த விமானக் கண்காட்சியிலிருந்து ஒரு ஜெட் எங்கள் கூரைக்கு மேலாகத் திரும்பிப் போனது. சத்தம் முழுதாக வந்து சேர்வதற்கு முன்பே என் பிடரியில் உங்கள் கை இருந்தது. என்னை மேசைக்கடியில் தள்ளி, என் முதுகின்மேல் நீங்கள் கவிழ்ந்து படுத்திருந்தீர்கள். கைக்குழந்தையாக ஊரைவிட்டு வந்த எனக்கு, ஊரில் குண்டு போட்ட சியாமாச்செட்டி விமானத்தின் இரைச்சல் நினைவில் இல்லை. உங்கள் உடம்புக்கு அது நினைவிருந்தது. அதற்கு மேல் அன்று நடந்ததை இங்கே எழுதப் போவதில்லை. பிடரியில் அழுத்திய அந்தக் கையைவிடப் பெரிய அன்பை எனக்கு வேறு எந்த ஆணும் காட்டியதில்லை என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

பிறகு நீங்கள் எழுந்து எல்லாவற்றையும் ஒழுங்காகப் பெட்டியில் அடுக்கினீர்கள். அதோடு சரி. ஏன் விளையாடுவதில்லை என்று கேட்டவர்களிடம், தம்பிக்குப் படிப்பு, அவனுக்கு நேரமில்லை என்றீர்கள். எனக்கு நேரம் இருந்தது, அத்தான். வெள்ளிக்கிழமை இரவுகளில் நிலவறைப் படியில் உங்கள் காலடி கேட்கிறதா என்று காத்திருக்கவும் நேரம் இருந்தது. அந்தப் பொய்யை நீங்கள் உங்களைக் காப்பதற்காகச் சொன்னீர்கள் என்பது விளங்குகிறது. அதை என் தலையில் கட்டியதுதான் இன்றுவரை ஆறவில்லை.

சபையில் கேட்கப்பட்ட கேள்விக்கு வருகிறேன். இரட்டை இறக்கை விமானங்கள் மாசற்றவை என்று நான் வாதாட மாட்டேன். லண்டன்மேல் பறந்த ஜெர்மானியக் கோத்தாவும் இரட்டை இறக்கை விமானம்தான். 1917 ஜூன் 13ஆம் தேதி பகல்வேளையில் அவை போட்ட குண்டுகளில் ஒன்று பொப்லர் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தின்மேல் விழுந்து 18 குழந்தைகளைக் கொன்றது. இதை எனக்குச் சொன்னவரே நீங்கள். குண்டு போடும் விமானங்களையும் வாங்குவோம் என்று நான் ஆசைப்பட்டபோது, அவை இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்றீர்கள். ஆகவே எங்கள் மேசையில் விரித்த துணியில் ஊரோ தெருவோ இருந்ததில்லை. இரண்டு விமானிகள் மட்டும் இருந்தார்கள், இருவருக்கும் ஒரே அளவு ஆபத்து இருந்தது, இருவரும் ஒரே நேரத்தில் அட்டையைத் திறந்தார்கள். நாங்கள் அறிந்த வானம் அப்படிப்பட்டதல்ல. அதனால்தான் உங்களுக்கு அந்த மேசை தேவைப்பட்டது என்று நினைக்கிறேன். தவறென்றால் நீங்களே மறுத்துச் சொல்லுங்கள், பேசாமல் இருக்காதீர்கள்.

உங்கள் மகன் சென்ற மாதம் என்னிடம், அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற நிறமுள்ளவர்கள் யாராவது பறந்தார்களா என்று கேட்டான். கல்கத்தாவில் பிறந்த இந்திர லால் ராயைப் பற்றிச் சொன்னேன்: 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10 வெற்றிகள், 22ஆம் தேதி பிரான்சில் ஜெர்மானிய ஃபொக்கர் விமானங்களோடு பொருதி மரணம், வயது 19. வெற்றிகளை விட்டுவிட்டு அந்த வயதைப் பற்றியே அவன் திரும்பத் திரும்பக் கேட்டான். பிள்ளையை நீங்கள் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள்.

அவனுக்குக் காமலைக் கொடுக்கப் போகிறேன். அன்று மேசையிலிருந்து விழுந்து முறிந்த அல்பட்ரோஸின் கீழிறக்கையை ஒட்டிவிட்டேன். பெட்டியில் அளவுகோல் மட்டும் இல்லை. அது உங்களிடம்தான் இருக்க வேண்டும். அனுப்ப மனமில்லையென்றால் கெட்டி அட்டையில் ஒன்று வெட்டிக்கொள்கிறேன். நீங்களே கொண்டுவருவதானால் அல்பட்ரோஸை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், நான் பக்கத்தில் இருந்து சேத அட்டைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்