என்விவோவோடு மல்லுக்கட்டும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நேற்று போனில் நீ கொட்டித் தீர்த்ததற்கு அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். "உனக்கு இந்த சாஃப்ட்வேரெல்லாம் புரியாதும்மா" என்று நீதான் வைத்துவிட்டாய். நேர்காணல்களைப் பகுத்துப் பார்க்க உன் ஆய்வுக்கு வைத்திருக்கும் இந்த என்விவோ மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று உன் அளவுக்கு எனக்குத் தெரியாதுதான். ஆனால் நேர்காணல் கட்டுகளை முன்னால் போட்டுக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்வது நான் சம்பளம் வாங்கிச் செய்த வேலை. அந்த உரிமையில் எழுதுகிறேன், கோபப்படாமல் படி.

உன் புகார்களில் பாதி மென்பொருளின் கோளாறு. அதற்கெல்லாம் நீ அழ வேண்டியதே இல்லை. வீடியோவில் 'நோட்' என்கிறார்கள், என் திரையில் அப்படி ஒன்றே இல்லை என்றாய். பேச்சின் ஒரு துண்டுக்கு நாம் ஒட்டும் பெயர்ச்சீட்டுதான் அது. 2020இல் வந்த பதிப்பில் நோட் என்ற பெயரை எடுத்துவிட்டு கோட் என்று வைத்துவிட்டார்கள். அதற்கு முந்தைய வீடியோவும் புத்தகமும் நோட் என்றுதான் சொல்லும். ஒன்றையே பார்த்துக்கொண்டு இன்னொன்றைத் தேடியிருக்கிறாய். மேக்கில் இருப்பதும் விண்டோஸில் இருப்பதும் அச்சுப் பிசகாமல் ஒன்றல்ல. வீடியோ போட்டவர் எதை வைத்திருக்கிறார் என்று முதலில் பார். அப்புறம், குழு விவாதத்தில் ஒரே ஆள் மூன்று ஆளாகப் பிரிந்து நிற்பது. ஒரு இடத்தில் முழுப்பெயர், இன்னொரு இடத்தில் முதலெழுத்து மட்டும், வேறொரு இடத்தில் எழுத்துப்பிழை என்று தட்டியிருப்பாய். அதற்கு மூன்றும் மூன்று ஆள்தான். வேர்டிலேயே பெயர்களை ஒன்றுபோல மாற்றிவிட்டு மறுபடி ஏற்று.

சொல் எண்ணிக்கையை நம்பி வரைந்த அந்த வண்ண வண்ணச் சொல்மேகத்தைத் தயவுசெய்து ஆய்வேட்டில் ஒட்டாதே. உன் நேர்காணல்கள் தமிழில் இருக்கின்றன. வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து எல்லாவற்றையும் அது தனித்தனிச் சொல்லாக எண்ணும். ஆங்கிலத்துக்கு வேர்ச்சொல்லைச் சேர்த்துப் பார்க்கும் வசதி உண்டு. தமிழில் வேற்றுமை உருபு ஏறிய சொற்களை அப்படிச் சேர்க்கத் தெரியாமல் அது திணறும். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

கேஸுக்கும் கோடுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கொஞ்சம் நேரம் செலவழித்துப் புரிந்துகொள்ள வேண்டியது. கேஸ் என்பது உன்னிடம் பேசிய ஆள். வயது, வேலை, எத்தனை வருடமாகப் பெற்றோரைக் கவனித்துக்கொள்கிறார் என்பதெல்லாம் அந்த ஆளின் ஆட்ரிபியூட். கோட் என்பது அவர் பேசிய விஷயம். 'மகள்கள்', 'மருமகள்கள்' என்று நீ கோட் போட்டு வைத்திருப்பது இதைக் குழப்பிக்கொண்டதால்தான். அவர்களில் ஒவ்வொருவரையும் கேஸாக்கி, மகளா மருமகளா என்பதை ஆட்ரிபியூட்டாக வைத்துவிட்டால், குற்ற உணர்ச்சியைப் பற்றி மகள்கள் என்ன சொன்னார்கள், மருமகள்கள் என்ன சொன்னார்கள் என்று மேட்ரிக்ஸ் க்வெரியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உன் ஆய்வுக் கேள்வியே அதுதானே?

சரி, மீதிப் பாதிக்கு வருகிறேன். நாலே நேர்காணலில் 180 கோட். எதை எதோடு சேர்ப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். இதற்கு எந்த வீடியோவிலும் விடை இருக்காது, ஏனென்றால் இது மென்பொருள் பிரச்சினையே இல்லை.

நீ படித்துக் காட்டினாயே ஒரு வரி, "ராத்திரி எழுந்து எழுந்து பாப்பேன். யாரும் பாக்கச் சொல்லல." அதற்கு நீ போட்டிருந்த கோட்கள்: இரவு, தூக்கமின்மை, உடல்நலம், பராமரிப்பு. நாலும் சரிதான், நாலாலும் பிரயோஜனம் இல்லை. அந்த அம்மா எதைப் பற்றிப் பேசினார் என்பதை அவை சொல்கின்றன. அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பது அதில் எங்கே? 'கேட்காமலே காவல் இருப்பது' என்று போட்டுப் பார். அல்லது அவர் வாயிலிருந்து வந்தபடியே 'யாரும் சொல்லல' என்று வை. இன் விவோ கோட் என்று பாடத்தில் படித்தது அதுதான். இப்போது அடுத்த நேர்காணலில் யாராவது கேட்காமலே எதையாவது தலையில் போட்டுக்கொண்டார்களா என்று உன் கண் தானாகத் தேடும். 'தூக்கமின்மை' என்ற கோட் உன்னை எதையும் தேடச் சொல்லாது. தூங்காதவர்கள் பட்டியல் ஒன்று கிடைக்கும், அதை வைத்து என்ன செய்வாய்?

உன் கைடு "என்விவோ போட்டு அனாலிசிஸ் முடித்துவிடு" என்று சொன்னாராம். அவர் அதைத் திறந்து பார்த்திருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். 'என்விவோவைக் கொண்டு பகுப்பாய்வு செய்யப்பட்டது' என்று முறையியல் அத்தியாயத்தில் எழுதினால் வைவாவில் முதல் கேள்வியே 'சரி, எந்த முறையில்?' என்பதாகத்தான் இருக்கும். கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் முன்வைத்த, தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டும் கிரவுண்டட் தியரியா, பிரவுனும் கிளார்க்கும் 2006இல் எழுதிய, தரவைக் கருப்பொருள்களாகத் தொகுக்கும் தீமாட்டிக் அனாலிசிஸா? இரண்டில் எது என்பதைப் பொறுத்து நீ கோட் போடும் விதமே மாறும். அதை முடிவு செய்யாமல் மென்பொருளைத் திறந்ததால்தான் 180. பிரவுனும் கிளார்க்கும் ஒரு விஷயத்தில் கறாராக இருப்பார்கள்: கருப்பொருள்கள் தரவுக்குள்ளிருந்து தாமாக எழுந்து வருவதில்லை, ஆய்வாளர்தான் உருவாக்குகிறார். நீ எழுந்து வரும் என்று காத்திருக்கிறாய்.

நாங்கள் செய்த விதத்தைச் சொல்கிறேன், பெருமைக்காக இல்லை. நேர்காணலைத் தட்டச்சு செய்து நாலைந்து நகல் எடுப்போம். கலர் பென்சிலால் ஓரத்தில் கோடு இழுத்து, பத்தி பத்தியாகக் கத்தரித்து, விஷயத்துக்கு ஒரு கவரில் போடுவோம். ஒவ்வொரு துண்டின் முதுகிலும் நேர்காணல் எண்ணும் பக்க எண்ணும் எழுத வேண்டும். எழுத விட்டுப்போனால் அந்தத் துண்டு அநாதை. யார் சொன்னது, எந்தக் கேள்விக்குச் சொன்னது என்று எவராலும் சொல்ல முடியாது. ஒரே வாக்கியம் மூன்று கவருக்குப் போக வேண்டுமென்றால் மூன்று நகலில் கத்தரிக்க வேண்டும். ஒரு கவரை இரண்டாகப் பிரிக்கலாம் என்று தோன்றினால் அன்று முழுக்கத் தரையில்தான் உட்கார்ந்திருப்போம்.

இந்த அவஸ்தையிலிருந்துதான் உன் மென்பொருளே பிறந்தது. லின் ரிச்சர்ட்ஸ் ஆஸ்திரேலியாவில் சமூகவியலாளர். அவருடைய ஆய்வுக் காகிதங்கள் கட்டுக்கடங்காமல் போக, கணவர் டாம் ரிச்சர்ட்ஸ் 1980களின் தொடக்கத்தில் எழுதிக்கொடுத்த நிரல்தான் நுட்இஸ்ட். அதற்கு அடுத்த தலைமுறையாக 1999இல் என்விவோ வந்தது. இதே வேலைக்கான இன்னொரு மென்பொருள் மேக்ஸ்க்யூடிஏ. அதைத் தொடங்கிய உடோ குக்கார்ட்ஸும் சமூக ஆய்வு செய்தவர்தான். அதன் பெயரில் இருக்கும் மேக்ஸ், சமூகவியலாளர் மேக்ஸ் வெபர். இவர்களுக்கெல்லாம் கேள்வியும் காகிதமும் கையில் இருந்தன, கருவி பிறகு வந்தது. உனக்குக் கருவியை முதலில் கொடுத்துவிட்டார்கள். அதனால் ஒன்று செய். கணினியை மூடிவிட்டு இரண்டே இரண்டு நேர்காணலை அச்செடுத்து, பென்சிலோடு உட்கார். ஓரத்தில் எழுதியது கொஞ்சம் தேறியதும் அதைக் கொண்டுபோய் உள்ளே ஏற்று. கோட்களை இணைப்பதும் பிரிப்பதும் அங்கே நொடி வேலை. அந்த ஒன்றுக்காகவே எனக்கு அந்த மென்பொருளின் மேல் மரியாதை.

ஒவ்வொரு கோடுக்கும் விளக்கம் எழுதும் பெட்டி இருக்கிறது, நீ அத்தனையையும் காலியாக விட்டிருப்பாய். எது இதில் சேரும், எது சேராது என்று இரண்டு வரி எழுது. எழுத வராத கோடைத் தயங்காமல் தூக்கு. மெமோவில், அதாவது உன் யோசனைக் குறிப்பில், தினமும் ஏதாவது கிறுக்கு, வாக்கியம் முடியாவிட்டாலும் பரவாயில்லை. நாளைக்கு அத்தியாயமாக மாறப்போவது மெமோதான். இரண்டு பேர் போட்ட கோட்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கப்பா மதிப்பு எவ்வளவு என்று பயந்தாய். நீ ஒருத்தி தனியாகக் கோட் போடும்போது அது எங்கிருந்து வந்தது? அதை விடு.

பிராஜெக்ட் கோப்பை ஒன்டிரைவ் மாதிரி தானாக ஒத்திசையும் கோப்புறையில் வைத்து வேலை செய்யாதே, கோப்பு கெட்டுப்போக வாய்ப்புண்டு. கணினியின் வட்டில் வைத்து வேலை செய், முடித்து மூடிய பிறகு தேதி போட்டு நகலெடு. மாணவர் உரிமம் முடிவதற்குள் க்யூடிபிஎக்ஸ் என்ற பொதுக் கோப்பு வடிவத்திலும் ஒன்று எடுத்து வைத்துக்கொள். அட்லஸ்.டிஐ, மேக்ஸ்க்யூடிஏ மாதிரி மற்ற மென்பொருள்களிலும் அது திறக்கும்.

ஏஐ தானாகக் கோட் போட்டுத் தரும் பொத்தானை அழுத்தலாமா என்று கேட்டாய். அட்லஸ்.டிஐ 2023இல் ஓப்பன்ஏஐ மாடலை வைத்து அதைக் கொண்டுவந்தது, மற்றவர்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அது போட்டுத் தருவது பெரும்பாலும் 'தூக்கமின்மை' ரகமாகத்தான் இருக்கும். அதைவிட முக்கியமாக, உன்னிடம் பேசியவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பார். அவர்கள் சொன்னது வெளி சர்வருக்குப் போகலாம் என்று அதில் ஒரு வார்த்தையாவது இருக்கிறதா? இல்லையென்றால் நெறிமுறைக் குழுவைக் கேட்காமல் கை வைக்காதே.

இந்த வாரம் கோட்புக்கை, அதாவது கோட்களும் அவற்றின் விளக்கங்களும் இருக்கும் பட்டியலை மட்டும் வேர்டு கோப்பாக எடுத்து எனக்கு அனுப்பு. எந்த விளக்கம் எதோடு முட்டுகிறது என்று ஓரத்தில் எழுதித் தருகிறேன். நேர்காணல் உரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து அனுப்பிவிடாதே. அந்த ஒப்புதல் படிவத்தில் அம்மா பெயரும் இல்லை.

அன்புடன்,
அம்மா