தம்பி தப்பைத் தொடவில்லை

மச்சான்,

தீபாவளிக்கு நீ போட்ட மெசேஜுக்கு இன்றைக்குத்தான் பதில். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். அம்மா சுகம், முழங்கால் வலியோடு இன்னும் மலைக்குப் போகிறார், சொன்னால் கேட்பதில்லை.

இந்த மாசிக் காமன் கூத்துக்குத் தம்பி தப்பு மேளத்தை எடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் அவனுக்குக் குரல் கேட்டது, ராத்திரியில் லயத்து வரிசை வீட்டுக் கதவெல்லாம் தட்டியது உனக்குத் தெரியும். கோடங்கி குறி பார்த்து முடிந்த பிறகுதான் கிளினிக். ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்து தொடங்கி ஆறு கிழமையில் குரல் நின்றது, அதை மறைக்க மாட்டேன், அன்றைக்குத்தான் அம்மா விடிய விடியத் தூங்கினார். ஆனால் அப்புறம் ஆள் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். முகத்தில் அசைவில்லை, நடந்தால் கை வீசுவதில்லை, எது கேட்டாலும் ஒரு 'ம்'. பக்கத்துக் காம்பராவில் இழவு, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கையை ஓங்கிவிட்டேன் மச்சான், அம்மா பிடித்துக்கொண்டார். லயத்திலோ 'பொடியன் இப்போதான் மரியாதையாகிட்டான்' என்கிறார்கள். 1952ல் பாரிஸ் ஆஸ்பத்திரியில் இந்த வகையில் முதல் மருந்தான குளோர்புரோமசீன் கொடுக்கத் தொடங்கியபோதும் வார்டில் சத்தம் அடங்கியதைத்தான் பெரிசாகப் பேசினார்களாம். நம்ம லயம் பாரிஸ்தான் போ.

டாக்டரம்மாவிடம் சண்டைக்குத்தான் போனேன். அவர் பேசாமல் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து முழங்கையை மடக்கி நீட்டினார், பல்சக்கரம் மாதிரி தடக் தடக்கென்று வந்தது. மூளையில் சுரந்து குரல் கேட்க வைக்கிற டொபமைனை மருந்து மறிக்கிறது, ஆனால் கைகால் அசையவும், ஒன்றை ஆசைப்பட்டு எழுந்து போகவும் அதே டொபமைன்தான் வேண்டும், மருந்துக்கு இடம் பார்த்து மறிக்கத் தெரியாது, டொபமைன் ஒட்டுகிற இடங்களில் 80 சதவீதத்துக்கு மேல் மறித்தால் இந்த இறுக்கம் வரும் என்றார். நோயும் ஆளை ஒதுங்க வைக்கும், மருந்தும் வைக்கும், எது எதென்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டுமாம். 6 மில்லிகிராமை 4 ஆக்கினார். நீங்களாக நிறுத்தினால் குரல் திரும்பிவிடும் என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஒரு கிழமையாக நான் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், எப்படிக் கண்டுபிடித்தாரோ.

நேற்று அம்மா தேத்தண்ணி வைத்துவிட்டுப் போனார். தம்பி குடிக்கவில்லை, கோப்பை விளிம்பில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான். காது கொடுத்துக் கேட்டேன், காமன் கூத்தில் மன்மதனுக்காக ரதி அழுகிற இடத்துத் தப்பு அடி. நடுவில் இரண்டு அடி பிசகியது, முதலிலிருந்து தொடங்கினான்.

சித்திரைக்கு வருவாய்தானே? வந்ததும் அவனிடம் 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்காதே, கேட்காத ஆள் இல்லை. அந்த ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லு.